மரம் பச்சையாக நிற்கிறது, வீடு மட்டும் சாம்பல். இது எப்படி?

கேள்வி:
கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் 2018 நவம்பரில் எரிந்ததே, அதன் படங்களை நேற்று ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்க வீடுகள் இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது, பத்தடி தள்ளி பைன் மரம் கிளையெல்லாம் பச்சையாக இருக்கிறது. காட்டுத்தீ என்றால் முதலில் காடுதானே எரியணும்? எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் லேசர் வைத்துக் கொளுத்திவிட்டார்கள் என்கிறார். நான் நம்பவில்லை, ஆனால் அவருக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை.

பதில் 1:
லேசரும் இல்லை, ஒன்றும் இல்லை. கங்குதான். பலத்த காற்றில் கங்குகள் தீக்கு முன்னாடியே ஊருக்குள் வந்து விழும். கூரையோரத் தூம்பில் அள்ளாமல் விட்ட சருகு, வாசல் மிதியடி, பரணுக்குக் காற்று போகும் துவாரம், இதில் ஏதாவது ஒன்றில் விழுந்து புகைந்துகொண்டே இருந்தால் போதும். ஒரு வீடு பற்றினால் மணிக்கணக்கில் எரியும், அந்தச் சூட்டில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி வெடிக்கும், தீ உள்ளே போகும். அங்கே வீடுகள் பெரும்பாலும் காய்ந்த மரத்தால் கட்டியவை. உயிரோடு நிற்கும் மரத்தில் ஈரம் இருக்கிறது, அடியில் சருகுத்தீ சில நிமிடத்தில் கடந்துவிட்டால் அது தப்பிக்கும். அதனால்தான் வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவுமே வைக்காதே, துவாரத்துக்குப் பொடிக்கண் கம்பிவலை போடு என்கிறார்கள்.

பதில் 2:
எல்லாம் சரி, ஆனால் சருகு அள்ளாதவன் தலையில் மொத்தப் பழியையும் போட்டுவிடாதீர்கள். பாரடைஸ் தீ எதில் ஆரம்பித்தது? கிட்டத்தட்ட நூறு வருஷப் பழைய மின்கோபுரத்தில் தேய்ந்துபோன ஒரு கொக்கி அறுந்ததில். செத்தவர்கள் 85 பேர், அதில் பெரும்பாலோர் வயதானவர்கள். 2020இல் மின் நிறுவனம் 84 மரணங்களுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஊரை விட்டு வெளியேறச் சாலைகளும் குறைவு, காருக்குள் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டார்கள். 2010இல் 26,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 4,764 பேர். வாடகைக்கு இருந்தவர்கள் எதை நம்பித் திரும்பி வருவார்கள்?

பதில் 3:
நான் 2016 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் மெக்முர்ரேயிலிருந்து ஓடிவந்தவன். சுமார் 88,000 பேர் வெளியேறினோம். எங்கள் வீடு எரியவில்லை, அதிர்ஷ்டம்தான். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் தெரு ஓரமெல்லாம் டேப் சுற்றிய ஃப்ரிட்ஜுகள். கரண்ட் இல்லாமல் உள்ளே இருந்த இறைச்சி அழுகி, திறக்கவே முடியாத நாற்றம், அப்படியே கொண்டுபோய்த் தூக்கிப்போட்டார்கள். வீடு போன நண்பர் ஒருவரிடம் காப்பீட்டு ஆள் பட்டியல் கேட்டார், எத்தனை சட்டை, எத்தனை கரண்டி, எந்த வருஷம் வாங்கியது என்று. மனுஷன் ராத்திரி ராத்திரியாகக் கண்ணை மூடிக்கொண்டு சமையலறை அலமாரியை நினைத்துப் பார்த்து எழுதினார், ஒவ்வொரு பொருளும் நினைவுக்கு வரும்போது அதை இன்னொரு தடவை இழந்த மாதிரி இருந்ததாம்.

பதில் 2:
அதோடு தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்ல மறந்துவிட்டேன். பாரடைஸில் தப்பிய வீடுகளின் குழாய்களில்கூட பென்சீன் என்ற நச்சு ரசாயனம் வந்தது. குழாயில் அழுத்தம் விழுந்தபோது புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் நச்சும் உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும் என்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் அதைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, இது எனக்குத் தெரியவே தெரியாது. கொதிக்க வைத்தால் போகாதா?

பதில் 2:
கூடவே கூடாது. கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், நீங்கள் அதை மூச்சோடு இழுப்பீர்கள். பரிசோதனை முடிந்து சரி என்று சொல்லும்வரை வெளியூரிலிருந்து கொண்டுவரும் தண்ணீர்தான்.