அம்பர் லாகருக்கு மார்க் போட்டு மூக்குடைபட்ட கதை

உப்புவெளியான்:
போன மாதம் நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. எங்கள் கெஸ்ட்ஹவுசில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஆறு போத்தல் அம்பர் லாகர், அதாவது செம்பு நிறப் பியர், கொண்டுவந்திருந்தார். பியர்ப் போட்டிகளில் நடுவராக இருக்கிறவராம். ஐம்பதுக்கு மார்க் போடும் தாளும் கையில். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஆளுக்கொரு தாள் தந்தார்.

ஊற்றினார். தென்னைகளுக்குள்ளால் வந்த பின்னேர வெயிலில் கிளாஸ் நல்ல பிளேன்டீ மாதிரி செம்பு நிறத்தில் மின்னியது. நுரை வெண்ணெய் நிறம். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். ‘ரோஸ் பாணின் ஓரம் மணக்கிறது’ என்று எழுதி 41 போட்டேன்.

அப்போதுதான் சமையல் அக்கா கணவாய்ப் பொரியல் கொண்டுவந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுசி. தட்டை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்று, “என்ன தம்பி, மழையில நனைஞ்ச கொப்பி மணக்குது?” என்றார். வெள்ளைக்காரருக்கு அதை விளங்கப்படுத்தினேன். அவர் பேசாமல் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். ‘ஈரக் காட்போட் மட்டை’ என்று எழுதியிருந்தது. மார்க் 26.

கடற்காகம்:
அக்காவின் மூக்குக்கு ஒரு கும்பிடு. ஆனால் அண்ணை, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நாங்கள் ஒருமுறை பிரீசரில் வைத்து எடுத்த அம்பரைக் குடித்துவிட்டு “சும்மா தண்ணி” என்று சொல்லிவிட்டோம். கரண்ட் போனது. அரை மணித்தியாலம் கழித்து அதே கிளாசில் பாண் மணமும் மெல்லிய இனிப்பும் எழும்பி வந்தன. முதலில் திட்டியவன்தான் கடைசி வாயையும் குடித்தான். உங்களுடையதும் கடும் குளிராக இருந்திருக்கும், அதுதான் பிடிபடவில்லை.

ஓர்ஸ்ஹில் பெரியவர்:
தம்பி கடற்காகம், குளிர் மணத்தை மறைக்கும், சரி. அக்காவும் அதே குளிர்ப் பியரைத்தானே மணந்தார்? அவருக்கு எப்படிப் பிடிபட்டது? நிறத்தைப் பார்த்து மயங்கியதுதான் பிழை. ஐம்பதில் தோற்றத்துக்கே மூன்று மார்க்தான், அதிலும் நிறம் ஒரு பங்கு.

எனக்கும் ஒருமுறை இப்படித்தான், பட்டர் டொபி மணம் வந்ததை மோல்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் மணம், என்று பாராட்டிவிட்டேன். அது டயசெட்டில், நொதிக்கும்போது உண்டாகிற ஒரு பொருள். நொதித்து முடிகிற நேரத்தில் சில நாள் கொஞ்சம் சூடாக விட்டால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். அவசரப்பட்டுக் குளிரூட்டினால் தங்கிவிடும். லாகரில் அது குறைதான்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஊற்றியவுடன் மணந்து பாருங்கள், முதல் மணம் சீக்கிரம் பறந்துவிடும். கிளாசைக் கையால் பொத்திச் சுழற்றி, சின்னச் சின்ன மூச்சாக இழுங்கள். அதை எழுதிய பிறகுதான் நிறம், அதுவும் வெள்ளைக் கடதாசியைப் பின்னால் பிடித்து. பத்து பாகை அளவில் குடியுங்கள். பொரியலைத் தள்ளி வையுங்கள்! இந்த நிறம் வியன்னா மோல்டைச் சற்றுக் கூடிய சூட்டில் உலர்த்துவதால் வருவது, 1841இல் வியன்னாவுக்குப் பக்கத்து ஷ்வெஹாட்டில் அன்டன் டிரேயர் தொடங்கிவைத்தது. அந்த மோல்ட் இருந்தால் பாண் ஓரம் மணக்கத்தான் வேண்டும். வெறும் கரமல் நிறம் போட்ட பியரும் கடையில் இதே செம்பாகத்தான் நிற்கும். ஈரமட்டை வந்தால் பழுதானது, ஒட்சிசன் ஏறிவிட்டது. சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாக ஏறும். நம்மூர் வெயிலில் பெட்டிக்குள் எத்தனை நாள் கிடந்ததோ?

நிலாவெளி சுரேன்:
பெரியவர் பாடமே எடுத்துவிட்டார். என் கதை சின்னது. கடற்கரையில் பச்சைப் போத்தல், மத்தியான வெயில். முதல் வாய் அருமை. புறாமலைப் படகு வந்ததென்று எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வந்து குடித்தால் கருகிய ரப்பர் நாற்றம். யாரோ எதையோ கலந்துவிட்டான் என்று பக்கத்து மேசையோடு சண்டைக்கே போனேன். பியரில் கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ வெயில் பட்டால் அப்படித்தான் கெடுமாம், கபிலப் போத்தல்தான் கொஞ்சமாவது காக்கும். அந்தப் பொடியனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உப்புவெளியான்:
கடற்காகம், பியர் அவ்வளவு குளிரில்லை, பிரிட்ஜ் அன்று சரியாக வேலை செய்யவில்லை. பெரியவர், கொழும்பில் ஏசி இல்லாத அறையில் இரண்டு கிழமை கிடந்ததாம். மிஞ்சிய ஒரு போத்தலை எனக்கே விட்டுவிட்டுப் போனார். நேற்றிரவு லைட்டை நிறுத்திவிட்டுத் திறந்தேன். நிறம் தெரியவில்லை. மூக்கைக் கொண்டுபோனவுடன், மாரி மழையில் புத்தகப்பையோடு ஓடிவந்து திண்ணையில் கொப்பிகளைப் பரப்பிய மணம். அன்றைக்கும் இதுதானே இருந்திருக்கும்?

நிலாவெளி சுரேன்:
அதை விடுங்கோ. அக்கா கணவாய்க்கு என்ன போட்டுப் பொரித்தவர்?