பைபைல நம்பை இம்போர்ட் ஆகல, சாதா பைத்தான்ல ஓடுது. உதவி பண்ணுங்க

ஓட்டுப்பட்டறை தம்பி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்க மாமா ஆத்தங்குடில ஓட்டுப் பட்டறை வச்சிருக்காக. வீடு கட்டுறவுக முகப்பு, பட்டாலை அளவை அனுப்பிருவாக, அதுல 8 இஞ்ச் ஓடு எப்படி உக்காரும், பூவோட இதழ் பக்கத்து ஓட்டோட சேருதா, பார்டர் மூலைல வெட்டுப்படுதா, எந்தக் கலர்ல எத்தனை ஊத்தணும்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன். கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலரை ஊத்திட்டா அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது, அதனால ஊத்துறதுக்கு முன்னாடியே கணக்கு சரியா வந்துறணும்.

தரை மொத்தமும் ஒரு நம்பை அர்ரே (நம்பைங்கிறது எண் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி, அர்ரேன்னா கட்டம் கட்டமா எண் வச்ச அட்டவணை). புரோகிராம் ரெண்டு ஓட்டை எடுத்து இடம் மாத்தும், சுத்தி இருக்க நாலு ஓட்டோட பொருத்தம் கூடுனா விட்டுரும், கொறஞ்சா பழையபடி வச்சுரும், இதையே லட்சக்கணக்குல திருப்பித் திருப்பிச் செய்யுது, பெரிய பட்டாலைன்னா ரொம்ப நேரம் இழுக்குது. பைபைங்கிறது பைத்தான் கோடை ஓட்டுற இன்னொரு புரோகிராம், அதுல ஜிட், அதாவது ஓடுறப்பவே கோடை மெஷின் கோடா மாத்துற வசதி இருக்கதால லூப் வேகமா ஓடும்னாங்க, அதான் விண்டோஸ்ல பைபை 3.10 போட்டேன். நம்பை இன்ஸ்டால் பண்ணா சி கம்பைலர் இல்லைன்னு பக்கம் பக்கமா எரர். சரின்னு பைத்தான் 3.11ல ஏற்கனவே இருந்த, லைப்ரரியெல்லாம் வைக்கிற சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைக் காட்டிவிட்டேன், அதுக்கு மல்டிஅர்ரே யூமேத்னு ஒரு மாட்யூல் இல்லைங்குது. ஃபோல்டருக்குள்ள அந்தப் பேர்ல ஃபைல் இருக்கு! இருக்கதை ஏன் இல்லைங்குது?

கானாடுகாத்தான் அண்ணன்:
தம்பி, அந்த ஃபைல் பேரை முழுசாப் படிச்சுப் பாருங்க. நடுவுல சிபி311னு இருக்கும். அது சாதா பைத்தான், அதாவது சிபைத்தான் 3.11க்குன்னு கம்பைல் பண்ணது. பைபை தேடுறது பைபை310, பிபி73னு பேர் போட்ட ஃபைலை. அது கிடைக்கலைன்னா இல்லைன்னுதான் சொல்லும். பேரை மாத்தி வச்சு ஏமாத்தவும் முடியாது, உள்ள இருக்க பைனரியே வேற. நம்பையோட முக்கியமான பகுதி சி கோடு, அது சிபைத்தானோட உள்ளமைப்பை நம்பி எழுதுனது. வெறும் பைத்தான்ல எழுதுன லைப்ரரின்னா ஃபோல்டரைக் காட்டி ஓட்டிரலாம், நம்பைல அது நடக்காது.

கம்பைலர் எரருக்குக் காரணம் வேற. உங்க பைபைக்குப் பொருந்துற வீல், அதாவது முன்னாடியே கம்பைல் பண்ணி வச்ச பேக்கேஜ், கிடைக்காதப்ப லைப்ரரி இன்ஸ்டால் பண்ற பிப் சோர்ஸை இறக்கி அங்கேயே கம்பைல் பண்ணப் பாக்குது. எல்லா நம்பை வெர்ஷனுக்கும் எல்லா பைபைக்கும் வீல் போடுறதில்ல. பைபை 3.10க்கு நம்பை 2.2 வரிசைல இருக்கு, விண்டோஸ் 64 பிட்டுக்கும் சேத்து. அந்த வெர்ஷனைக் குறிச்சுக் கேளுங்க, கூடவே ஒன்லி-பைனரி ஆப்ஷனையும் போட்டுருங்க, வீல் இல்லைன்னா கம்பைல் பண்ணப் போகாம அங்கேயே நின்னுரும். பிப்பையும் பைபை வழியாவே கூப்பிடுங்க, இல்லைன்னா சாதா பைத்தானுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

ஓட்டுப்பட்டறை தம்பி:
அண்ணே, இம்போர்ட் ஆயிருச்சு! ரொம்ப நன்றி. ஆனா ஓட்டிப் பாத்தா முன்னாடி இருந்ததை விட மெதுவா இருக்கே. இதுக்கா பைபைக்கு வந்தோம்?

பள்ளத்தூர் அக்கா:
தம்பி, லூப்புக்குள்ள அர்ரேல ஒவ்வொரு கட்டமா எடுத்துப் பாக்குறீங்களா? அதான் விஷயம். சிபைத்தான்ல ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் எத்தனை பேர் அதைப் பிடிச்சிருக்காங்கன்னு எண்ணிக்கை ஓடும், பைபைல அந்த எண்ணிக்கையே கிடையாது, குப்பை அள்ளுற முறையே தனி. ஆனா நம்பை அந்த எண்ணிக்கையை எதிர்பாக்குமே, அதனால சிபைஎக்ஸ்ட்னு ஒரு அடுக்கு நடுவுல நின்னு சிபைத்தான் மாதிரியே நடந்து காட்டுது. நீங்க ஒரு கட்டத்தைத் தொடுறப்பல்லாம் அந்த அடுக்கைத் தாண்டிப் போய்ட்டு வரணும், சுங்கச்சாவடில ஒவ்வொரு பொட்டணத்துக்கும் தனித்தனியாச் சீட்டு வாங்குற மாதிரி. மொத்த அர்ரேயையும் ஒரே தடவை கூட்டுறது பெருக்குறதுன்னா ஒரு தடவை தாண்டுனாப் போதும், அது நல்லாவே ஓடும். ஜிட்டுக்கும் அடுக்குக்கு அந்தப் பக்கம் நடக்குறது தெரியாது.

அதனால லூப்புக்கு முன்னாடி டோலிஸ்ட் போட்டு அர்ரேயைச் சாதா லிஸ்டா மாத்திருங்க. இடம் மாத்துறது, பொருத்தம் பாக்குறது எல்லாத்தையும் லிஸ்ட்லயே முடிச்சுட்டு, படம் வரையுறதுக்கு மட்டும் திரும்ப அர்ரே ஆக்குங்க.

தேவகோட்டை:
நம்பா (பைத்தான் எண் கணக்கை மெஷின் கோடா மாத்துற லைப்ரரி) போட்டா சிபைத்தான்லயே வேகமா ஓடுமே, எதுக்கு இவ்வளவு சுத்து?

பள்ளத்தூர் அக்கா:
போடலாம் தம்பி, நல்ல வழிதான். ஆனா நம்பா பைபைல ஓடாது, ரெண்டுல ஒண்ணுதான். இவுக லூப்ல டிக்‌ஷனரியும் கிளாஸும் நிறைய இருந்தா நம்பாவுக்காகப் பாதியைத் திருத்தி எழுதணும், பைபைக்கு ஒரு வரி மாத்துனாப் போதும். வெறும் எண் கணக்குன்னா நானும் நம்பாதான் சொல்வேன்.

ஓட்டுப்பட்டறை தம்பி:
அக்கா, எனக்கு டிக்‌ஷனரிதான் நிறைய. டோலிஸ்ட் போட்டேன், ஜெட் மாதிரிப் பறக்குது! பெரிய பட்டாலையே சட்டுன்னு முடிஞ்சிருச்சு, மாமாகிட்ட காட்டுனேன், அவுக உடனே அடுத்த வீட்டு அளவையும் எடுத்துக் குடுத்துட்டாக.

இன்னும் ரெண்டு இடிக்குது. வரிசை கூட்டுறதுக்கு அர்ரேல ரெசைஸ் போட்டிருக்கேன், அங்க ரெஃப்செக்னு எரர் வருது. அப்புறம் ஊத்துற லிஸ்டை ஃபைல்ல எழுதி, அடுத்த ஸ்டெப்ல அதையே திறந்து பிரிண்டுக்கு அனுப்புது, அப்ப ஃபைல் காலியா இருக்கு. சிபைத்தான்ல இந்தத் தொல்லையே இல்ல.

கானாடுகாத்தான் அண்ணன்:
ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான் தம்பி, அக்கா சொன்ன அந்த எண்ணிக்கை. ரெசைஸ் பண்ணுமுன்னாடி இந்த அர்ரேயை வேற யாரும் பிடிச்சிருக்காங்களான்னு நம்பை எண்ணிப் பாக்கும், பைபைல அப்படி எண்ண வழியில்ல, அதான் மறுக்குது. ரெஃப்செக்கை ஃபால்ஸ்னு குடுத்தா ஓடும், ஆனா அதே அர்ரேயோட வியூ (அதே டேட்டாவைப் பாக்குற இன்னொரு அர்ரே) வேற எங்கயாவது இருந்தா ஆபத்து. நம்பையோட தனி ரெசைஸ் ஃபங்ஷன் புது அர்ரேயாவே திருப்பிக் குடுக்கும். ஒண்ணு கவனிங்க, அது மிச்ச இடத்துல பழைய மதிப்பையே திரும்ப நிரப்பும், சைபர் போடாது. ஓடு எண்ணிக்கை கூடிப் போயிரும். உங்களுக்குப் புது வரிசை வேணும்னா அர்ரேகளை ஒட்டுற கான்கேட்டினேட் நல்லது.

ஃபைலை ஓபன் பண்ணி க்ளோஸ் பண்ணாம விட்டிருப்பீக. சிபைத்தான்ல பிடிச்சிருக்க ஆள் இல்லைன்னதும் அதுவே உடனே மூடிரும், பைபைல குப்பை அள்ள வர்ற வரைக்கும் திறந்தே கிடக்கும். எழுதுற இடத்துல வித் போடுங்க, வேலை முடிஞ்சதும் அதுவே மூடிரும், மெம்மேப் (ஃபைலையே மெமரி மாதிரிப் பயன்படுத்துறது) எங்கயாவது இருந்தா ஃப்ளஷ் பண்ணிருங்க.

ஓட்டுப்பட்டறை தம்பி:
வித் போட்டதும் லிஸ்ட் முழுசா வந்துருச்சுண்ணே. ரெசைஸைத் தூக்கிட்டுக் கான்கேட்டினேட் போட்டுட்டேன், பார்டர் ஓட்டு எண்ணிக்கை மாமா கைக்கணக்கோட ஒத்து வருது. படத்துக்குப் பில்லோங்கிற லைப்ரரி வேணும், அதுக்கும் பைபை வீல் இருக்கா?

பள்ளத்தூர் அக்கா:
இருக்கு தம்பி. அதுக்கும் ஒன்லி-பைனரி போட்டே கேளுங்க.