மழை வந்தால் திரும்பும் பூனை மூத்திர வாடை: என்ன செய்வது?

கேள்வி:
வேளச்சேரியில் தரைத்தள வீடு, மொசைக் தரை. கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை, ஐப்பசி மழை பிடித்ததும் கூடத்து மூலையிலிருந்து பூனை மூத்திர வாடை குப்பென்று வருகிறது, ஆனால் பூனை இப்போதெல்லாம் மண்தட்டில்தான் போகிறது. தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தையிலும் கறை இருக்கிறது.

பதில் 1:
அது பழைய மூத்திரம்தான் மேடம். அதிலுள்ள யூரிக் அமிலம் உப்பாகப் படிந்துவிடும், தண்ணீரில் லேசில் கரையாது, காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாடை கிளம்பும். பினாயில் வாடையை மூடுமே தவிர அந்த உப்பை உடைக்காது, பூனை பாதத்தை நக்கினால் அதற்கும் ஆபத்து. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்த உப்பை உடைக்கும் என்சைம் கிளீனரைத் தாராளமாக ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊற விட்டு, ஒற்றி எடுங்கள். அப்புறம் ஃபேனைப் போட்டு, ஏசி இருந்தால் டிரை மோடில் விட்டு, நன்றாகக் காய வையுங்கள். பழைய கறைக்கு ஒரு தடவை போதாது.

பதில் 2:
மொசைக்கில் வினிகர், எலுமிச்சை வேண்டாம், பளிங்குச் சில்லுகளை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

பதில் 3:
இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கறை எங்கெங்கே என்று தெரியும், சுவரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மெத்தையைப் பிரித்து, நனைந்த பஞ்சை எறிந்துவிட்டு, உறையைத் துவைத்துப் புதுப் பஞ்சு அடைத்துவிடுங்கள்.