மறு: மேசைக்காலில் கடையாமல் விடும் பகுதிக்கு என்ன சொல்?

நண்பர்களே,

மேசைக்காலை லேத்தில் சுற்றவிட்டு உளியால் உருண்டையாகக் கடையும்போது, கடையாமல் விடும் பகுதிக்கு (ஆங்கிலத்தில் pommel, பம்மல்) ஒரு தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை முழுவதையும் இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். முதலில் இதற்குப் பதில்.

> “குமிழ்” என்றே வைத்துவிடலாம். அகராதியில் முதலில் இருப்பது அதுதான்.

வேண்டாம். ஆங்கிலத்தில் பம்மல் என்றால் (சென்னைக்காரர்கள் ஊர்ப்பெயர் என்று நினைக்க வேண்டாம்) வாள்பிடியின் முனையில் இருக்கும் குமிழ், குதிரைச் சேணத்தின் முன்னால் துருத்தும் குமிழ் என்றுதான் அகராதி சொல்லும். கடைசல்காரர்கள் அதை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். உருண்டையாகக் கடைந்த காலில், கடையாமல் நாற்பட்டையாகவே விட்ட பகுதி அது. குமிழ் என்றால் தமிழில் யாருக்கும் உருண்டைதான் நினைவுக்கு வரும். எங்கள் தக்கலைப் பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போய் “மேலே ஐந்து அங்குலம் குமிழ் வையுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். ஆசாரி அழகாக ஓர் உருண்டையைக் கடைந்து தருவார். அப்புறம் சட்டத்தை எங்கே கோப்பது?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 30 அங்குல உயரம் வரும். மேற்பலகையின் கனத்தைக் கழித்தால் கால் 29 அங்குலம். பலகைக்கு அடியில் நான்கு பக்கமும் ஓடும் சட்டங்கள் நாலு அங்குல அகலம் இருக்கும். ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்களின் நாக்கு (சட்டத்தின் முனையில் மெலிதாகச் செதுக்கிய முளை) வந்து துளையில் இறங்க வேண்டும். நாக்கின் இரு பக்கத் தோளும் தட்டையான முகத்தில் உட்கார்ந்தால்தான் மூட்டு இறுகும். உருண்டை மேல் உட்கார வைத்தால் இடைவெளி விழும், ஆறு மாதத்தில் மேசை ஆடும். ஆகவே உச்சியில் ஐந்து அங்குலம் போல நாற்பட்டையாக விட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் கடைகிறார்கள். துளைகளையும் கட்டை முழுச் சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. கால் உருண்ட பிறகு அதை வேலைமேசைமேல் அசையாமல் நிறுத்தவே பெரும்பாடு.

இந்தப் பகுதிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லேத் சுற்றும்போது கடைந்த இடம் தெளிவாகத் தெரியும். நாற்பட்டை இருக்கும் இடத்தில் மூலைகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு மங்கல் நிழல்தான் தெரியும். விரல் அடிபடுவது அங்கேதான். வேலை தெரிந்தவர் தோளில் கிடக்கும் தோர்த்தை (துண்டை) கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். லேத்தில் ஏற்றும் முன்பே நான்கு முகத்திலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டால், கட்டை சுற்றும்போது அது ஒரே கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் சாய்வாய் உளியின் நீண்ட கூர் நுனியால் முதலில் ஒரு வெட்டு. அதைச் செய்யாமல் கீழே இருந்து கடைந்து கொண்டு போனால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டிய மூலைகள் சிலும்பித் தெறித்துவிடும். ஒரு கால் போனால் ஜோடி சேர்க்க இன்னொரு கட்டை தேட வேண்டும். கற்றுக்கொடுக்கும் புத்தகத்தில் “அந்தப் பகுதி”, “மேலே உள்ள இடம்” என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

கடைந்த பகுதிக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருகிறதே, அதன் கால் வருணனையிலேயே திரண்டிருக்கும் “குடம்” இருக்கிறது, பூண்டு போன்ற “உள்ளி” இருக்கிறது. இன்றைக்கும் காலின் பருத்த இடத்தைக் குடம் என்று சொன்னால் எந்தப் பட்டறையிலும் புரியும். கடையாத இடத்துக்குத்தான் ஆளுக்கொரு பெயர் தேடுகிறோம்.

ஆனால் கல்தச்சர் வழக்கைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் தூண்கள் மேலும் கீழும் நாற்பட்டை, நடுவில் எட்டுப்பட்டை. ஏழாம் நூற்றாண்டு வேலை. கோயிற்கலை எழுதுகிறவர்கள் அந்த நாற்பட்டைப் பகுதியைச் சதுரம் என்றும், நடுவில் உள்ள எட்டுப்பட்டையைக் கட்டு என்றும் சொல்வது வழக்கம். நமக்கு வேண்டியது அப்படியே கையில் இருக்கிறது. தூணில் மூலை தட்டாமல் விட்ட பகுதி சதுரம் என்றால், காலில் கடையாமல் விட்ட பகுதியும் சதுரம்தான்.

> “குடுமி” எப்படி? தலையில்தானே இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்குக் குடுமி ஏற்கெனவே உண்டு. அது குழிக்குள் நின்று சுழல்கிற முளை. நம்முடையதோ சுழலக்கூடாத பகுதி. இரண்டையும் ஒரே தச்சர்தான் செய்கிறார், குழப்ப வேண்டாம்.

சதுரம் என்பதில் இன்னொரு வசதி. 1956 நவம்பர் 1 வரை எங்கள் குமரிப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. இங்கே பட்டறைப் பேச்சில் கடைசல் என்பது கடச்சல், களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கடச்சில். சதுரம் இரண்டு பக்கமும் சதுரம்தான். கால்களைக் கேரளத்துப் பெரும்பாவூரில் சொல்லிச் செய்யும் ஆள் கூட அதே சொல்லை வைத்துப் பேசிவிடலாம்.

ரப்பர் மரம் ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகும். வெட்டிய சில நாளுக்குள் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றியதா என்று மட்டும் கேளுங்கள். ஏற்றாத மரத்தில் நீலம் பாரிக்கும், வண்டும் விழும். மூன்று அங்குலக் கனத்துக்குப் பெரும்பாலும் துண்டு ஒட்டித்தான் வரும். குடம் கடைந்த இடத்தில் ஒட்டுக்கோடு வளைந்து வளைந்து தெரியும், வார்னிஷ் அடித்தாலும் மறையாது. பூவரசு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தேக்கு நன்றாகக் கடையலாம், ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் உளியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தக்கலையிலிருந்து

———

மறு: மறு: மேசைக்காலில் கடையாமல் விடும் பகுதிக்கு என்ன சொல்?

அண்ணாச்சி,

குமிழ் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் வெறும் சதுரம் இடிக்கிறது. இங்கே செங்கோட்டையில் மரம் அறுக்கக் கொடுக்கும்போது “மூணு இஞ்சு சதுரம்” என்றால் கட்டையின் அளவு. உங்கள் புத்தகத்தில் “சதுரம் ஐந்து அங்குலம்” என்று வந்தால், ஐந்துக்கு ஐந்து கட்டை என்று எடுத்து அறுத்துவிடுவான். மரம் இன்றைக்கு விற்கிற விலையில் இது சின்ன விஷயமா?

இன்னொன்று. சில கால்களில் கீழேயும் ஒரு நாற்பட்டை விடுகிறார்கள், குறுக்குக்கட்டை கோக்க. அதற்கும் சதுரம், இதற்கும் சதுரம் என்றால் எப்படி?

சதுரம் உருண்டையாகத் திரும்பும் மூலையில் செதுக்குவதற்கு ஒருவர் “ஆட்டு நாக்கு” என்று எழுதியிருந்தாரே, அதை மட்டும் யாராவது தடுத்து நிறுத்துங்கள்.

செங்கோட்டையிலிருந்து

———

மறு: மறு: மறு: மேசைக்காலில் கடையாமல் விடும் பகுதிக்கு என்ன சொல்?

தம்பி,

அறுவை மில் கணக்கு சரியான கேள்வி. அப்படியானால் மேலே இருப்பது தலைச்சதுரம், கீழே இருப்பது அடிச்சதுரம். “தலைச்சதுரம் ஐந்து அங்குலம்” என்றால் நீளம் என்பது தானே விளங்கும். மகேந்திரவர்மன் தூணுக்கும் மேற்சதுரம், கீழ்ச்சதுரம் என்று எழுதுவார்கள். மேசைக்கு அதையே வைக்கலாம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலைத் தலைகீழாக லேத்தில் ஏற்றியிருக்கும்போது மேல் கீழ் எல்லாம் மாறிப் போகும். தலை எப்போதும் தலைதான்.

ஆட்டு நாக்கு ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியது. தூணில் சதுரத்தின் மூலையில் படமெடுத்த பாம்பு போலச் செதுக்குவதை நாகபந்தம் என்கிறோமே, அது இருக்க ஆட்டை ஏன் இழுப்பானேன்? மேசைக்கால் அளவுக்கு அது பெரிய சொல் என்று தோன்றினால் “படம்” போதும். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

தலை முதல் அடி வரை முழுக்க உருண்டையாக வரும் கால்கள் இந்தக் கணக்கில் சேரா. அவற்றில் தலைச்சதுரமே கிடையாது. பலகைக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டை முடுக்கி, ஒரு முனையில் மரத்துக்கான புரியும் மறுமுனையில் நட்டுக்கான புரியும் உள்ள ஆணியால் கோக்கிறார்கள். கடையில் வாங்கி வீட்டிலேயே மாட்டும் கால் எல்லாம் அநேகமாக இந்த வகைதான். அந்த ஆணிக்கு “இருபுரி ஆணி” என்று நான் நினைத்திருக்கிறேன். அதைப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.

தலைச்சதுரத்துக்கு மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

தக்கலையிலிருந்து