மேல்காட்டு வீடு: அம்மா ரியூனியன் போகலாமா?

சனிக்கிழமை, காலை 6:12

சரசு அத்தை: (காணொளி, பலமுறை பகிரப்பட்டது)

சரசு அத்தை: யாழினி இருக்கிற ரியூனியன் தீவில் எரிமலை வெடித்துவிட்டதாம். தீவே காலியாம். பிரபு, உன் அம்மா கோதைக்கு டிக்கெட் போட்டாச்சா?

விமலா சித்தி: ஐயோ

விமலா சித்தி: யாழினி போன் எடுக்க மாட்டேன் என்கிறாள்

பிரபு: அங்கே இப்போது நாலே முக்கால் சித்தி. தூங்குவாள்.

விமலா சித்தி: ஆறு மாசக்காரி. எரிமலைக்கு நடுவில் தூங்குகிறாளா

சரசு அத்தை: அதுதான் சொல்கிறேன். பிள்ளையை இங்கே வரச் சொல்லலாம். பிரசவம் கோத்தகிரியில் நடக்கட்டும். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே.

நவீன்: எரிமலை ஊரிலிருந்து மண்சரிவு ஊருக்கு. நல்ல யோசனை அத்தை.

சரசு அத்தை: நீ வாயை மூடு.

அப்பா: 👍

பிரபு: அப்பா, இது எதுக்கு?

காலை 6:50

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். காணொளியை மூன்று முறை பார்த்தேன். இது ரியூனியன் அல்ல. எப்படிச் சொல்கிறேன் என்றால், எரிமலைகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. உள்ளே இருக்கும் குழம்பு கெட்டியாக இருந்தால் வாயு வெளியேற வழி இல்லை. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி ஒரேயடியாக வெடிக்கும், சாம்பல் பல கிலோமீட்டர் மேலே போகும். இந்தோனேசியாவில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. ரியூனியனில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் அப்படி இல்லை. அதன் குழம்பு தோசை மாவு மாதிரி இளக்கம். வாயு தானாகப் போய்விடும், குழம்பு வழிந்து ஓடும். நீங்கள் அனுப்பியதில் கறுப்புச் சாம்பல் தூண் நிற்கிறது பாருங்கள்.

நவீன்: பாடம் ஆரம்பம். உள்ளேன் ஐயா

பிரபு: உள்ளேன் ஐயா

பெரியப்பா: கிண்டல் வேண்டாம். 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தபோது அந்தச் சத்தம் ஏறத்தாழ 4800 கி.மீ. தள்ளி, மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. பீரங்கி சுடுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

சரசு அத்தை: மொரீஷியஸ் என்றால் ரியூனியனுக்குப் பக்கம்தானே. அப்போ அங்கே கேட்டிருக்கிறது பாருங்கள் அண்ணா!

பெரியப்பா: சரசு, வெடித்தது இந்தோனேசியாவில். 1883-இல்.

சரசு அத்தை: எனக்கு அதெல்லாம் தெரியாது. வெடித்ததா இல்லையா?

காலை 7:40

யாழினி: என்னாச்சு? 23 அழைப்பு வந்திருக்கு. அப்பாவுக்கு ஏதாவதா??

விமலா சித்தி: நீ நன்றாக இருக்கிறாயா கண்ணு

யாழினி: இருக்கிறேன் சித்தி. வாந்திதான் இன்னும் நிற்கவில்லை.

யாழினி: அந்தக் காணொளியில் பைக்கில் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டீர்களா? இங்கே யாரும் அந்த மொழி பேச மாட்டார்கள். இங்கே கிரியோல், பிரெஞ்சு. பெரியப்பா சொன்னது சரி.

பெரியப்பா: 🙏

நவீன்: எங்கள் அப்பாவுக்கு ஒரு மதிப்பெண்

யாழினி: எரிமலை தீவின் தென்கிழக்கில். நாங்கள் வடக்கு முனை, சென் தெனி. தீவு மொத்தமே நம்ம நீலகிரி மாவட்டம் அளவுதான், 2500 சதுர கி.மீ. எரிமலை அடிக்கடி வரும், சில வருடம் இரண்டு மூன்று தடவை. வந்தால் இங்கே ஜனங்கள் ஓட மாட்டார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு பார்க்கப் போவார்கள்.

விமலா சித்தி: பார்க்கவா?

யாழினி: ஆமாம். ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு. போன தடவை கார்த்தி போய் டிராபிக்கில் நான்கு மணி நேரம் நின்று, மூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தார்.

நவீன்: தொட்டபெட்டா போகிற மாதிரியே இருக்கு

பெரியப்பா: நவீன் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டான். தொட்டபெட்டா 2637 மீட்டர். பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2632. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நம் மலை எரிமலை அல்ல. நம் பாறை சார்னோக்கைட், ஏறத்தாழ 250 கோடி வருடப் பழசு, பூமிக்குள் வெந்து இறுகி மேலே தூக்கப்பட்டது. பல்லாவரத்தில் கிடைப்பதும் இதே வகைக் கல்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் ஹாலந்து என்பவர் 1893-இல் இந்தப் பெயரையே வைத்தார். ரியூனியனோ கடலுக்கு மேல் தலைகாட்டி முப்பது லட்சம் வருடம்கூட ஆகவில்லை. நேற்றுப் பிறந்த பிள்ளை.

சரசு அத்தை: கல்லறைக் கதை எல்லாம் இப்போது எதற்கு. நல்ல காரியம் பேசும்போது.

அப்பா: 👍

பிரபு: அம்மா எங்கே?

யாழினி: லட்சுமிக்குப் பால் கறப்பாள்.

விமலா சித்தி: லட்சுமியும் ஜனவரியில்தானே கன்று போடும்? அப்போ மணி மாமா தனியாக என்ன செய்வார்?

நவீன்: இரண்டு பிரசவம், ஒரு அம்மா

சரசு அத்தை: பசுவையும் பிள்ளையையும் ஒன்றாகச் சொல்லாதே. 😡

காலை 8:25

பெரியப்பா: கடலுக்கு நடுவில் எரிமலை எப்படி வந்தது என்று விமலா தனியாகக் கேட்டிருந்தாள்.

விமலா சித்தி: நான் கேட்கவில்லை மாமா

பெரியப்பா: பூமிக்கு அடியில் ஒரு சூடான இடம். அது ஏறக்குறைய அசையாது. மேலே இருக்கும் பாறைத் தட்டுதான் நகரும். சரசுவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் குத்தும், துணி நகரும், தையல் வரிசையாக விழும். 6.6 கோடி வருடம் முன் அந்த ஊசிக்கு மேல் நம் இந்தியா இருந்தது. அப்போது கொட்டிய குழம்புதான் தக்காணத்துக் கருங்கல். எல்லோராவைக் குடைந்தது அதில்தான். பிறகு இந்தியா வடக்கே நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று வரிசையாகத் தையல் விழுந்தது. பழைய எரிமலைகள் கனம் தாங்காமல் கடலில் அமிழ்ந்தன. மேலே பவளம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. அதனால்தான் லட்சத்தீவில் மலையே இல்லை. இப்போது ஊசிக்கு மேல் இருப்பது ரியூனியன்.

சரசு அத்தை: முப்பது வருடம் பனியன் கம்பெனியில் தைத்தவளுக்குத் தையல் சொல்லித் தருகிறீர்களா அண்ணா. ஊசி உடைந்தால் துணி போச்சு, அதைச் சொல்லுங்கள்.

நவீன்: 😂😂

பிரபு: அத்தை ஜெயித்துவிட்டார்

பெரியப்பா: இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரியூனியனின் பழைய பெயர் பூர்போன். நம் அப்பா மேல்காட்டில் ஜெரேனியம் செடி போட்டார் அல்லவா, எண்ணெய் வடிக்க? பூர்போன் ஜெரேனியம் என்று சொல்வார். அந்த ஊர்ப் பெயர்தான் அது.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது (சரசு அத்தை)

நவீன்: போச்சு

சரசு அத்தை: ஜெரேனியம் பேச்சை எடுத்தது நீங்கள்தான். நான் எடுக்கவில்லை. அந்த வடிகலனுக்கு என் நாலு வளையல் அடகுக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை. மேல்காட்டை விற்றபோதாவது யாராவது நினைத்தீர்களா?

பெரியப்பா: அது அப்பா செய்தது சரசு. இப்போது எதற்கு

சரசு அத்தை: இரண்டு வளையல் கோதை கையில் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

விமலா சித்தி: அது எங்கள் அம்மா போட்டது சரசு அக்கா. ரசீது இருக்கிறது.

யாழினி: எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்களேன்

பிரபு: டிக்கெட்டுக்கு வருவோம். மொரீஷியஸில் மாறிப் போக வேண்டும். டிசம்பர் 2 அல்லது 9. இன்று ராத்திரிக்குள் சொன்னால் இந்த விலை.

காலை 9:05

விமலா சித்தி: யாழினி, ஒன்றே ஒன்று. குழம்பு ஊருக்குள் வந்ததே இல்லையா?

யாழினி: பெரும்பாலும் மேலே ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அங்கிருந்து ஆளில்லாத சரிவு வழியாகக் கடலுக்குப் போய்விடும். நடுவில் ஒரு ரோடு உண்டு, அதை அறுத்துவிட்டுப் போகும். 2007-இல் அப்படித்தான். ஆறின கல்மேல் திரும்ப ரோடு போட்டார்கள். அந்தக் கல்லில் நடந்திருக்கிறேன், செருப்பு ஒரே நாளில் தேய்ந்துவிட்டது. இடுக்கில் பச்சைப் பசேல் என்று பெரணி முளைத்திருக்கும்.

பெரியப்பா: அதே 2007 ஏப்ரலில் உச்சியில் இருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. அடியில் இருந்த குழம்பு காலியானதால்.

யாழினி: பெரியப்பா அதை எல்லாம் ஏன் இப்போ...

யாழினி: ஒரு தடவை, 1977 ஏப்ரலில், ஊருக்குள் வந்தது. சென்த் ரோஸ் பக்கம். வீடுகள் எரிந்தன. ஜனங்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். மாதா கோயில் வாசல் வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. இன்றும் கோயிலைச் சுற்றிக் கறுப்புக் கல். எரிமலை மாதா என்று பெயரே மாறிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி நிலையம் வைத்துக் கண்காணிக்கிறார்கள். நிலம் கொஞ்சம் உப்பினாலே தெரிந்துவிடும்.

சரசு அத்தை: அம்மா வாசலில் நெருப்பு நிற்கும். அது எந்த அம்மாவாக இருந்தாலும்.

யாழினி: இங்கே தீமிதி உண்டு அத்தை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் பாட்டு எல்லாம் தமிழில்தான் பாடுவார். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கரும்புக் காட்டு வேலைக்கு வந்தவர்களின் வம்சம். என் வயிற்றைப் பார்த்துவிட்டு வேப்பிலை கொண்டு வந்து வாசலில் கட்டினார்.

சரசு அத்தை: வேப்பிலை கிடைக்குமா அங்கே? அப்போ சரி.

நவீன்: எரிமலைப் பிரச்சினை வேப்பிலையால் தீர்ந்தது

பெரியப்பா: உண்மையில் பயப்பட வேண்டியது எரிமலைக்கு அல்ல. அது முன்னறிவிப்போடு வரும். நம் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை 250 கோடி வருடம், ஆனால் மேலே இருக்கும் மண் பாறை மக்கிப் போனது. மழைத் தண்ணீர் இறங்கினால் வழுக்கிக்கொண்டு வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். 2009 நவம்பர் மண்சரிவு நமக்குத் தெரியும்.

விமலா சித்தி: 2009-இல் கோதை வீட்டுத் தடுப்புச் சுவர் விழுந்தபோது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றும் தெரியும்.

சரசு அத்தை: ரோடே இல்லை. பறந்தா வருவேன்?

பிரபு: சித்தி ப்ளீஸ்

பெரியப்பா: மழையில்கூட ரியூனியன் நம்மை மிஞ்சிவிடும். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது எரிமலைச் சரிவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1825 மி.மீ. பெய்தது. உலக சாதனை. ஊட்டிக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. அங்கே புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜனவரி, பிப்ரவரியில்தான் அதிகம்.

விமலா சித்தி: பிரசவம் ஜனவரியில்

விமலா சித்தி: 😭

நவீன்: அப்பா. ஏன்பா.

பெரியப்பா: தகவலுக்காகச் சொன்னேன்.

யாழினி: புயலுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று முன்னாடியே சொல்வார்கள். சிவப்பு என்றால் வாசலில்கூட கால் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். எரிமலையை விட்டுவிட்டு எல்லாரும் இப்போ மழைக்கு வந்துட்டீங்க 🤦‍♀️

காலை 9:48

அம்மா: (குரல் பதிவு, 3:21)

நவீன்: பஸ்ஸில் இருக்கிறேன், யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள்

பிரபு: சின்ன வெங்காயம் அங்கே கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்கிறாள். லேகியம், சுக்குப் பொடி டப்பாவைப் பிரித்துப் பார்ப்பார்களா. கம்பளி வேண்டுமா. வளையல் பற்றி நடுவில் ஒரு நிமிடம், அதை நான் சொல்ல மாட்டேன். எரிமலை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரசு அத்தை: ஒரு நிமிடமா? என்ன சொன்னாள்?

யாழினி: கம்பளி வேண்டாம்மா, ஜனவரியில் இங்கே கோடைக்காலம். வேர்த்துக் கொட்டும்.

பெரியப்பா: தென் அரைக்கோளம். சூரியன் அப்போது

நவீன்: அப்பா 🙏

சரசு அத்தை: கேட்டுவிட்டேன். கோதை, அது அப்படி இல்லை. நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சுக்கு நான் இடித்துக் கொண்டு வருகிறேன், கடைப் பொடி வேண்டாம்.

விமலா சித்தி: நானும் வருகிறேன்

நவீன்: ஞாயிறு கோத்தகிரியில் எரிமலை எச்சரிக்கை, சிவப்பு

பிரபு: அம்மா, அப்பா, டிசம்பர் 2-ஆ 9-ஆ?

அப்பா: 👍

பிரபு: அப்பா, எந்தத் தேதி??

அப்பா: காட்டுமாடு இரண்டு, மாட்டுக் கொட்டகை பக்கம் நிற்கிறது. அம்மா உள்ளே. அப்புறம் பேசலாம்.

யாழினி: அம்மாவை வெளியே வரச் சொல்லாதீங்க!

சரசு அத்தை: தகரத்தைத் தட்டு மணி

விமலா சித்தி: தட்டாதீங்க மாமா, மிரண்டு உள்ளே போய்விடும்

பெரியப்பா: காட்டுமாடு பொதுவாக