நீர் குறைவு என்றார்கள்: ஒரே அறிக்கை, இரண்டு ஆலோசனைகள்

37ஆம் வாரத்து ஸ்கேனில் பனிக்குட நீர் குறைந்திருப்பதாகக் கூறி, மறுநாளே அறுவைப் பிரசவம் செய்துகொள்ளலாம் என்றார் நான் காட்டிவந்த மருத்துவர். அதே அறிக்கையைப் பார்த்த மற்றொரு மகப்பேறு மருத்துவரோ, அவசரம் இல்லை, கண்காணித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்றார். இருவரும் அனுபவம் மிக்கவர்கள், இருவரும் அக்கறையோடு பேசினார்கள் என்பதுதான் எங்களை அதிகம் கலங்க வைத்தது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவம் என்பதால், "காசுக்காகத்தான் சொல்கிறார்கள்" என்று உறவினர்கள் எளிதாக முடிவு கட்டிவிட்டார்கள். உண்மைக் காரணம் அளக்கும் முறையில் இருந்தது. வயிற்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள நீரின் ஆழத்தைக் கூட்டும் முறையில் 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழே வந்தால் நீர் குறைவு என்கிறார்கள்; மிக ஆழமான ஓரிடத்தை மட்டும் அளக்கும் முறையில் அது 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எனக்குக் கூட்டுத்தொகை ஐந்துக்குச் சற்றுக் கீழே, ஆழமான இடமோ இரண்டுக்கு மேலே. கூட்டுத்தொகையை வைத்து முடிவெடுக்கும்போது வலி வரவழைக்கும் பிரசவங்கள் கூடுகின்றனவே தவிர, குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை தெரியவில்லை என்று ஆய்வுகள் காட்டுவதை இரண்டாமவர் பொறுமையாக விளக்கினார். நிறைய நீர் அருந்துவது ஓரளவு உதவும் என்றும் சொன்னார். மாமியார் தந்த இளநீருக்கு அன்று மரியாதை கூடியது.

என் ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி, தொப்புள்கொடி ரத்த ஓட்டம் ஆகிய மூன்றும் சரியாக இருந்ததால்தான் காத்திருக்க இடம் கிடைத்தது. இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் இரண்டாமவரும் உடனே பிரசவம் பார்க்கவே சொல்லியிருப்பார் என்பதால், என் முடிவை யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதல் மருத்துவரிடமே திரும்பிச் சென்று, "காத்திருந்தால் எதைக் கண்டு உங்கள் முடிவை மாற்றுவீர்கள், டாக்டர்?" என்று கேட்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. குழந்தையின் இதயத்துடிப்புப் பரிசோதனையும் ஸ்கேனும் குறித்த இடைவெளியில் தவறாமல் செய்துகொள்வதானால் காத்திருக்கத் தமக்கும் சம்மதம் என்றார். 39ஆம் வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைத்து, அவரே சுகப்பிரசவம் பார்த்தார்.

குழந்தையின் அசைவு குறைதல், நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், நள்ளிரவானாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்று அவர் சீட்டில் எழுதித் தந்திருந்தார். இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவே நிற்கும் எவரும் இப்படியொரு பட்டியலைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.