ஒரே லைனில் தைக்கிறார்கள், சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு மூலை: என்ன பயிற்சி நடத்தலாம்?

பனியன்ஊர்:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சி கொடுக்கிறேன். நம்ம ஊர் அக்காக்களும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருகிறார்கள், மணி அடித்தால் தனித்தனியாகப் போய்விடுகிறார்கள். "வடக்கத்திப் பொண்ணுங்களுக்குச் சுத்தம் கிடையாது" என்று இந்தப் பக்கம், "தமிழ் ஆளுங்க எப்பவும் நம்மளைத் திட்டிக்கிட்டே இருக்காங்க" என்று அந்தப் பக்கம். போன மாதம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு டம்ளருக்காகச் சண்டை வந்து, ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். அது இன்னும் மனசை உறுத்துகிறது. அடுத்த வாரம் 24 பேர், இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. 'எல்லாரும் சமம்' என்று மைக்கில் பேச எனக்கு விருப்பமில்லை. பாதிப் பேருக்கு அடுத்தவர் மொழி தெரியாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

இஸ்பேடுராணி:
மொழி தெரியாததுதான் உங்களுக்கு வசதி. 'பார்ங்கா' நடத்துங்கள். சென்னைக்காரரான சிவசைலம் தியாகராஜன் 1980-இல் லைபீரியாவில் வேலை பார்த்தபோது யோசித்த சீட்டு விளையாட்டு அது. மேசைக்கு நாலு பேர், ஏஸ் முதல் ஏழு வரை 28 சீட்டு, கூடவே விதி எழுதிய தாள். எல்லா மேசைக்கும் ஒரே விதி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் ஒரு மேசையில் ஏஸ் பெரிது, இன்னொன்றில் சின்னது, ஒன்றில் இஸ்பேடு துருப்பு, வேறொன்றில் துருப்பே கிடையாது. கொஞ்ச நேரம் பழகியதும் தாளை வாங்கிவிட்டு இனி பேச்சு கூடாது என்று சொல்லி, ஜெயித்தவரை ஒரு மேசைக்கும் தோற்றவரை இன்னொரு மேசைக்கும் மாற்றுங்கள்.

நான் நடத்தியபோது ஓர் அக்கா இஸ்பேடு இரண்டைப் போட்டுவிட்டு அதையே விரலால் தட்டித் தட்டிக் காட்டினார், எதிரே இருந்தவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டை வாரிக்கொண்டார். அதற்கப்புறம் அக்கா எதற்கும் வாதாடவில்லை, கையில் இருந்ததைப் போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல எனக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். ஹால் அப்படியே அமைதியாகிவிட்டது. ஆட்டத்துக்கு அரை மணி போதும், பேச்சுக்கு முக்கால் மணியாவது ஒதுக்குங்கள், பயிற்சியே அங்கேதான் நடக்கிறது.

கரும்பலகை:
சீட்டு என்றாலே முகம் சுளிக்கிற வீடுகள் உண்டு, பிரச்சினை வரும் என்று தோன்றினால் லூடோ வையுங்கள். ஒரு பலகையில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும், இன்னொன்றில் ஒன்று விழுந்தாலும் இறங்கும், இந்த ஒரு வித்தியாசமே போதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு கூட்டத்தை உசத்தி, மறு கூட்டத்தை மட்டம் தட்டி ஒரு பாடம் நடத்தினார். அதைப் படித்துவிட்டு இங்கேயும் செய்யலாம் என்று பலருக்கு ஆசை வருகிறது. 'வீட்டில் கழிப்பறை இருந்தவர்கள் ஓர் அடி முன்னால் வாருங்கள்' என்கிற வரிசைப் பயிற்சியும் அப்படித்தான். கடைசியில் பின்னால் தனியாக நிற்கப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண் திங்கட்கிழமை அதே லைனில் வந்து உட்கார வேண்டும்.

ஆலுபொரியல்:
தொடக்கத்துக்கு உருளைக்கிழங்கு! ஆளுக்கு ஒன்று கொடுத்து, மூன்று நிமிடம் நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் குலுக்கி, அவரவர் கிழங்கைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், தழும்பும் குழியும் கைக்குப் பழகியிருக்கும். "முதலில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்ததா?" என்று மட்டும் கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

பனியன்ஊர்:
கிழங்கு, அப்புறம் லூடோ, முடிவு செய்துவிட்டேன். மொழிபெயர்க்க எங்கள் சூப்பர்வைசர் வருகிறேன் என்கிறார், இந்தி நன்றாகப் பேசுவார். சரிதானே?

கரும்பலகை:
வேண்டாம். அவர் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாலைந்து வருடம் இங்கே இருந்து தமிழ் பழகிய ஒடிசா பெண் ஒருத்தி லைனிலேயே இருப்பாள், அவளைக் கேளுங்கள், அந்த இரண்டு மணி நேரத்துக்கும் அவளுக்குச் சம்பளம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டம்ளர் விஷயத்தையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள், குழாயடியில் கூடுதலாகப் பத்து டம்ளர் வைக்கச் சொல்லி.